செல்போன் 5 டிகிரி என்றது, பாத்தி கருகிப் போனது

(உதகை வட்டாரக் கிராமம் ஒன்றில், நீர்போக நடவுக்கு முன்பு நடந்த விவசாயிகள், இளைஞர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் விதை, உரம், மானியம் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் வேளாண்மை படித்தவள் இல்லை. இதழியல் படித்துவிட்டு, செய்தித் துறையில் அரசுச் செயலிகளைப் பற்றியும் சேவைகளைப் பற்றியும் எழுதுகிற வேலை. "இந்தப் பொண்ணு வந்து நமக்கு கேரட் போடச் சொல்லித் தரப் போகுதா"ன்னு பின்வரிசையில் ஒரு பெரியப்பா சிரிக்கிறது இங்கிருந்தே தெரிகிறது. சொல்லித் தர வரவில்லை பெரியப்பா. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வீடு கேத்திப் பள்ளத்தாக்கில். அப்பாவுக்கு நிலம் அதிகம் இல்லை. மேல்படியில் கேரட், முட்டைக்கோஸ். ஓடையை ஒட்டிய கீழ்ப்பாத்தி 30 சென்ட். போன நீர்போகத்துக்கு அந்த 30 சென்ட்டில் பீன்ஸ் போட்டார். பொங்கல் முடிந்த கையோடு விதைத்தது, பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் இரண்டிலை விட்டு அழகாக நின்றது. ஒருநாள் சாயங்காலம் அப்பா போன் செய்தார். "வானம் துடைச்ச மாதிரி இருக்கும்மா. தாகை வெட்டிட்டு வந்து மூடணும்னா ரெண்டு ஆள் வேணும். நீ போன்ல பார்த்துச் சொல்லு, இன்னைக்குப் பனி விழுமா?"

நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். போனில் பார்த்தேன். குறைந்தபட்சம் 5 டிகிரி என்று இருந்தது. உறைவதற்கு பூஜ்ஜியம் வேண்டும், ஐந்து டிகிரி மிச்சம் இருக்கிறதே என்று என் கணக்கு. "மூட வேண்டாம்ப்பா, அஞ்சுக்குக் கீழ போகாது" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஆள் கூலி மிச்சம் என்று அவரும் விட்டுவிட்டார்.

காலையில் அவர் அனுப்பிய படத்தில் பாத்தி முழுக்க உப்பு தூவியது போல வெள்ளை. மதியத்துக்குள் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. 30 சென்ட்டும் போயிற்று. அப்பா என்னைத் திட்டவில்லை. "உன் போன் எந்த இடத்துப் பனியைச் சொல்லுதுன்னு கேட்டு வைம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த எண். வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் வைப்பார்கள். செயலியில் வரும் முன்னறிவிப்பும் அப்படி ஆள் உயரக் காற்றுக்கானது. பீன்ஸ் நாற்று நிற்பது நான்கு விரல் உயரத்தில். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்றுதான் முதலில் குளிரும். அப்படிப்பட்ட இரவில் புல் மட்டத்து வெப்பநிலை, பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதைவிட 3 முதல் 5 டிகிரி வரை குறைவாக இருக்கும். ஆக, போனில் 5 என்றால் பாத்தியில் பூஜ்ஜியமோ ஒன்றோ இரண்டோ. என் கணக்கில் இருந்த 'மிச்சம்' அப்போதே தீர்ந்துவிட்டது.

இரண்டாவது, இடம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்கும். மேல்படியில் ஒன்றும் ஆகாத அதே இரவில் ஓடைக்கரை வெள்ளையாகிவிடுவது இதனால்தான். தலைகுந்தாவிலும் காந்தலிலும் ஊட்டி டவுனைவிட அதிகம் பனி கொட்டுகிறது என்று வருஷா வருஷம் செய்தி வருகிறது இல்லையா, அதுவும் இதே கதைதான். செயலியோ ஒரு வட்டாரத்துக்கே ஒரு எண் தருகிறது. மேடும் பள்ளமுமான நம்ம ஊரில் அந்த ஒரு எண் எல்லாருக்கும் பொருந்தாது. எங்கள் 30 சென்ட்டோ ஓடையை ஒட்டியது, கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலி வேறு. இறங்கி வந்த குளிர், போக வழியில்லாமல் அங்கேயே அணை கட்டி நின்றிருக்கிறது. இந்த வருஷம் அப்பா அந்த வேலியில் இரண்டு இடத்தில் ஆள் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார். காசில்லாத வேலை, செய்து பாருங்கள்.

அப்போ போனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அப்படிச் சொன்னால் என் வேலை போய்விடும். விஷயம் அதுவல்ல. நான் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தேன். நாலு விஷயம் பார்த்திருக்க வேண்டும். மேகம், காற்றின் வேகம், குறைந்தபட்ச வெப்பநிலை, அப்புறம் டியூ பாயின்ட். போனில் உள்ள வானிலைப் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினால் பெரும்பாலும் இந்தக் கடைசி எண் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் எந்த டிகிரியில் துளியாகப் படியத் தொடங்கும் என்பதுதான் அது. இரவில் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து அந்த எண்ணைத் தொட்டதும், ஈரம் துளியாக மாறும்போது கொஞ்சம் சூட்டை வெளியே விடும், இறக்கம் மெதுவாகும். அது 8 என்று இருந்தால் நீர்ப்பனியோடு பெரும்பாலும் தப்பித்துவிடலாம். பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் பிரேக் பிடிக்க ஆளில்லை. காற்று ரொம்பவும் வறண்டு போனால் வெள்ளைகூடத் தெரியாது, விடிந்து பார்த்தால் இலை மட்டும் கறுத்திருக்கும். நம்ம பெரியவர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருப்பதில் இந்தக் கணக்கு முழுக்க அடங்கியிருக்கிறது.

ஆக, வானம் தெளிவு, இலை அசையவில்லை, டியூ பாயின்ட் பூஜ்ஜியம் பக்கம், குறைந்தபட்சம் 5 அல்லது அதற்குக் கீழே. இந்த நாலும் சேர்ந்தால் யாரையும் கேட்காதீர்கள், மூடிவிடுங்கள். இதில் முதல் இரண்டை அப்பா வாசலில் நின்றே பார்த்துவிட்டார். போனில் படிக்கத் தெரிந்த நான்தான் அதைக் கேட்கவில்லை.

உழவன் செயலி பெரும்பாலும் எல்லாரிடமும் இருக்கும். அதிலே வானிலையும் சந்தை விலையும் பார்க்கலாம், உங்கள் பகுதி அலுவலர் யார் என்றும் தெரிந்துகொள்ளலாம். கூடவே மேகதூத் செயலியையும் இறக்கி வையுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2019-ல் கொண்டுவந்தது. அடுத்த ஐந்து நாள் வானிலையோடு, மாவட்டத்துக்கான பயிர் அறிவுரை வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் வரும். தமிழிலேயே படிக்கலாம். இதற்கெல்லாம் மேலே ஒன்று சொல்கிறேன். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் குறித்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, உங்கள் நிலத்திலேயே மிகத் தாழ்வான பாத்தியில் செடி உயரத்துக்கு ஒரு குச்சியில் கட்டுங்கள். தினமும் காலையில் அதையும் போன் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே மாதத்தில் உங்கள் நிலத்துக்கும் போனுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று கைக்கு வந்துவிடும். எங்கள் கீழ்ப்பாத்தியில் தெளிவான இரவுகளில் நாலு டிகிரி வருகிறது. உங்களுடையது இரண்டாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம்.

சரி, பனி இருக்கும்போதே ஏன் விதைக்க வேண்டும், மார்ச் வரை பொறுத்தால் என்ன என்று சமவெளியில் இருக்கும் வாசகர்கள் கேட்கலாம். இந்தப் பேச்சு மின்னிதழில் வரப் போவதால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. மலையில் மூன்று போகம். ஏப்ரல், மே மாதங்களில் மழையை நம்பிப் போடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சிப் போடுவது நீர்போகம். ஓடையில் தண்ணீர் இருப்பது இப்போதுதான். மார்ச்சில் ஓடை மெலிந்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கிழங்கு அழுகும். நடுவில் இருக்கும் இந்தச் சின்ன இடைவெளியில்தான் பயிர் எடுக்க வேண்டும். சீசனுக்கு முன்னால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு யார் மூட்டை முதலில் போகிறதோ அவர்களுக்குத்தான் விலை. அதனால் தையில் போடத்தான் வேண்டியிருக்கிறது. எதை முதலில், எதைக் கடைசியில் போடுவது என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததில் என் வாய்ஸ் மெசேஜ் பாதித் தப்பு. மீதிப் பாதி, பீன்ஸை அவ்வளவு சீக்கிரம் போட்டது. இதை அப்பாவிடமே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

விதை முளைப்பது மண்ணின் சூட்டைப் பார்த்து. பீன்ஸ் 10 டிகிரி மண்ணில் முளைக்கவே முளைக்காது, பெரும்பாலும் அழுகும். 15 டிகிரியில் ஏறக்குறைய 16 நாள் எடுக்கும். கேரட் அப்படியில்லை. 10 டிகிரியிலும் இரண்டரை வாரத்தில் வந்துவிடும், 15 என்றால் பத்து நாள், 20 என்றால் ஒரு வாரம். பட்டாணி 10 டிகிரியில் இரண்டு வாரத்தில் வரும். லெட்டூஸ் ஒரு வாரம்தான். மண்ணின் சூட்டைப் பார்க்க, கம்பி மாதிரி நீளமான தெர்மாமீட்டர் கடைகளில் கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு விதை ஆழத்தில் குத்திப் பாருங்கள். மதியம் குத்தினால் ஏமாறுவோம். நம்ம ஊர் வெயில் பகலில் சுரீரென்று அடிக்கும், மண்ணும் பொய் சொல்லும்.

முளைத்த பிறகு குளிரைத் தாங்குவது இன்னொரு கணக்கு. முட்டைக்கோஸ், புரோக்கோலி, நூல்கோல், டர்னிப், கேரட், கீரை வகைகள், வெங்காயம், பூண்டு எல்லாம் லேசான உறைபனியைச் சமாளிக்கும். காலிஃபிளவரும் தாங்கும், ஆனால் பூ கட்டிய பிறகு பனி பட்டால் பூ பழுத்துவிடும். பட்டாணிச் செடி தாங்கும், அதன் பூவும் பிஞ்சும் தாங்காது. பீன்ஸ், தக்காளி, பூசணி, மேரக்காய், மக்காச்சோளம் இவற்றுக்கெல்லாம் ஒரு இரவு போதும். மலைப்பகுதியில் முட்டைக்கோஸுக்கு ஜனவரி, பிப்ரவரி என்றும், பீன்ஸுக்குப் பிப்ரவரி, மார்ச் என்றும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பருவம் பிரித்துச் சொல்வது சும்மா இல்லை.

முட்டைக்கோஸ் நாற்றை நாற்றங்காலில் இருந்தோ குழித்தட்டில் இருந்தோ எடுத்து நேரே வயலில் வைத்துவிடாதீர்கள். பசுமைக்குடிலுக்குள் சொகுசாக வளர்ந்த நாற்று முதல் பனியிலேயே துவண்டுவிடும். ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, பகலில் வெளியே வைத்து, பிறகு இரவிலும் வெளியே விட்டுப் பழக்குங்கள். நாற்று வாங்குகிறவர்கள் "பழக்கிய நாற்றா?" என்று கேட்டு வாங்குங்கள்.

உருளைக்கிழங்கு ஒரு தனி ரகம். இலை பீன்ஸ் மாதிரி மென்மை, கிழங்கோ மண்ணுக்குள் பத்திரம். நட்டு மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் தலை காட்டும். அதனால் எப்போது நடுகிறோம் என்பதைவிட எப்போது வெளியே வரும் என்று எண்ணிப் பார்த்து நடுங்கள். தலை காட்டிய பிறகு பனி வரும்போல இருந்தால், சின்ன முளையாக இருந்தால் மண்ணை அணைத்து மூடிவிடலாம். கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆனால் நாள் தள்ளும், மகசூலும் குறையும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு மண்டியில் கிடைத்த கிழங்கை வெட்டி விதையாகப் போடாதீர்கள். நீலகிரியில் உருளை நூற்புழு 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. உருளைக்குப் பின் உருளையே போட்ட நிலத்தில் அது இன்றும் ஆளைச் சாப்பிடுகிறது. ஒரு போகமாவது கேரட்டோ முட்டைக்கோஸோ மாற்றிப் போடுங்கள்.

இப்போது மூடுவது பற்றி. இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தேயிலையைத் தாகை போட்டு மூடுவதும், தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடுவதும் எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் மூடும் நேரம் முக்கியம். பொழுது சாய்வதற்குள், மண்ணில் பகல் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஞாபகம் வந்து மூடினால் குளிரைத்தான் மூடி வைக்கிறோம். பிளாஸ்டிக் ஷீட் போடுகிறவர்கள் குச்சி நட்டு, இலையைத் தொடாமல் போடுங்கள். தொட்ட இடம் கருகும். பழைய சேலை, சாக்கு இதைவிட மேல். காலையில் வெயில் நன்றாக ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

பனி வரும் என்று தெரிந்த நாளில் மதியத்துக்குள் நிலத்துக்குத் தண்ணீர் விட்டால் ஈரமான மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும். அன்றைக்குக் களை கொத்தாதீர்கள். கொத்திப் பொலபொலவென்று விட்ட மண், சூட்டைப் பிடிக்காது. வைக்கோல், சருகு மூடாக்கும் அப்படித்தான். மண்ணுக்கு அது போர்வை, ஆனால் மண்ணின் சூடு மேலே நாற்றுக்கு வராமல் தடுத்துவிடும். நாற்றுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இலை மேல் விழும் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடுதான் செடியைக் காக்கிறது. அதனால் உறையத் தொடங்கும் முன் போட்டு, காலையில் பனிக்கட்டி தானாக உருகும் வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். நடுராத்திரி மோட்டார் நின்றால், போடாமல் இருந்ததைவிட மோசம். தண்ணீரும் கரன்ட்டும் உறுதியாக இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதும் நடக்கிறது. நெருப்பின் சூடு கொஞ்ச தூரத்துக்கு உதவும், புகையால் பெரிய பயன் கிடையாது. குழந்தைகளுக்கு இருமல் வருவதுதான் மிச்சம்.

ஸ்பிரிங்க்ளர் பற்றிப் பேசியதால் மானியத்தையும் சொல்கிறேன், இதுதான் என் உத்தியோகம். நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதற்குச் சிறு, குறு விவசாயி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிட்டாவை 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' இணையதளத்தில் போனிலேயே எடுத்துவிடலாம். பனி வந்த பிறகு காகிதம் தேடாமல், கடைபோக அறுவடை முடிந்த ஓய்வில் இதை முடித்து வையுங்கள்.

அப்படியும் கருகிவிட்டால்? முதலில் கத்தியை எடுக்காதீர்கள். கறுத்த இலையை உடனே வெட்டினால் அடியில் உள்ள உயிருள்ள கணுவும் வெளியே தெரிந்து அடுத்த பனியில் போகும். சில நாள் பொறுத்தால் எது பிழைக்கும் என்று செடியே காட்டும். அதற்குள் போனில் படம் எடுங்கள். பாத்தி முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, செடி பக்கத்தில் ஒன்று, தேதியும் இருப்பிடமும் பதிவாகும்படி. அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவித் தோட்டக்கலை அலுவலருக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். உறைபனியும் குளிர் அலையும் மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் இதைத் தேடும் வரை தெரியாது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்து, அரசு நிவாரணம் அறிவித்தால், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய் என்பது 2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய விதிமுறை. எங்கள் 30 சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,000 ரூபாய். விதை, உழவு, ஆள் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தாலும் தகவல் கொடுங்கள். ஒருவர் சொன்னால் ஒரு பாத்தி, ஊரே சொன்னால்தான் கணக்கெடுப்புக்கு ஆள் வரும். அன்றைக்கு எங்கள் பள்ளத்தில் எத்தனை வீட்டு பீன்ஸ் போனது என்று இன்றுவரை எந்தத் தாளிலும் இல்லை. நாங்களும் எழுதிக் கொடுக்கவில்லை.

நேரில் கேட்க ஆள் கிடைக்கவில்லையென்றால் விவசாயிகளுக்கான அழைப்பு மையம் 1800-180-1551. கட்டணம் இல்லை, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்வார். மாசியிலும் பனி உண்டு என்பதற்கு அதற்கு மேல் முன்னறிவிப்பு வேண்டாம். இந்த முறை கீழ்ப்பாத்தியில் அப்பா இப்போதைக்கு முட்டைக்கோஸ்தான் வைக்கிறார். பீன்ஸ் மேல்படிக்குப் போகிறது, அதுவும் மாசிக் கடைசியில், மண்ணில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்த பிறகு. சாயங்காலம் அவர் போன் செய்தால் நான் இப்போது முதலில் கேட்பது, "வெளியே வந்து பாருங்கப்பா, நட்சத்திரம் தெரியுதா, காத்து இருக்கா?"

பெரியப்பா, நீங்க கேள்வி கேட்கணும்னு கையைத் தூக்கினீங்க. மைக்கை அந்தப் பக்கம் கொடுங்க.